மின்னலுக்கு முன் மீன்கள் இறங்கின

இது நடந்தது. யாரையும் நம்பவைக்க நான் இதை எழுதவில்லை. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என்னிடம் நேரம் குறித்த நோட்டு ஒன்று இருக்கிறது. மழையில் ஊறி, காய்ந்து, அப்பளம் மாதிரி மொறமொறத்துப்போன நோட்டு. அதில் 4:05 முதல் 4:50 வரை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. 4:52-க்கு மட்டும் எதுவும் இல்லை. அப்போது நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன்.

பேய் என்றால் நடுநிசியில்தான் வரும், நாய் ஊளையிடும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பகலில் நடந்தது. மழைக்கு இருட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலத் தேநீர் நேரம்.

நான் ஒரு மீன் பண்ணையில் வேலை பார்க்கிறேன். தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் குளத்தில் மீட்டரை இறக்கி, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். நடுவில் நிறைய நேரம் கிடைக்கும். படிப்பேன். படிக்காத நேரத்தில் குளத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதனால் மேனேஜர் எனக்கு வைத்த பெயர் ‘புஸ்தகம்’. அந்தப் பெயரில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

என் அண்ணன் அதே பண்ணையில் தீவனம் போடுகிறவன். பதினோரு வருஷம். ஒரு மரப்படகு, ஒரு துடுப்பு, ஒரு தகர டின். தீவன நேரத்தில் குளத்தின் நடுவே போய் டின்னைத் தட்டுவான். ணங்... ணங்... ணங். முப்பதாயிரம் மீன்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே வரும். தண்ணீர் கொதிப்பது போல இருக்கும்.

அவனிடம் இன்னொரு சத்தமும் இருந்தது. துடுப்பைத் திருப்பிப் பிடித்து, படகின் அடிப்பலகையில் இடிப்பான். டொக். டொக். மீன்கள் மிரண்டு அடியாழத்துக்கு இறங்கிவிடும். வலை வீசும் நாட்களில் அவற்றை ஒரு மூலையிலிருந்து விரட்டுவதற்கு அப்படிச் செய்வார்கள். தகரத்தைத் தட்டினால் வா. பலகையைத் தட்டினால் போ. மீன்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இடி கேட்டதும் மெயின் சுவிட்சை இழுத்துவிட வேண்டும். ஷெட் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். குளத்தில் ஆறு ஏரேட்டர்கள் மிதக்கின்றன. தண்ணீரை வாரி அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்கள். மின்னலில் அந்த மோட்டார்கள் எரிந்துபோகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மோட்டார் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சக்கரம் நின்றால் அவ்வளவு நெருக்கமாக வளர்க்கிற மீன்களுக்கு மூச்சு முட்டும். அதைப் பற்றிச் சுவரில் எதுவும் எழுதவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன் அந்தக் குளத்தில் மின்னல் விழுந்தது. மாலை 4:52. அண்ணன் படகில் இருந்தான். நான் அன்று தண்ணீர் மாதிரிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது 6:20. அவன் உடலை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குளத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மறுநாள் எண்ணினோம். 2,140.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் எழுத வேண்டியிருந்தது. அறிக்கையில் இரண்டு கையெழுத்து தேவை. ஒன்று மேனேஜருடையது. இன்னொன்று என்னுடையது.

மேனேஜர் எழுதி வைத்திருந்தது இதுதான்: ‘இடி மழையின்போது பணியாளர் தீவனத்துக்காகத் தட்டியதால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்தன. பணியாளரின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம்.’

கவனக்குறைவு என்று முடிவானால், பண்ணை கொடுத்த வீட்டை அந்தக் குடும்பம் காலி செய்ய வேண்டும். அது இன்னொரு வழக்கம். வெள்ளிக்கிழமை பூட்டு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணியும், பள்ளிக்கூடம் போகும் மகளும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

செவ்வாய் காலை அண்ணியைப் பார்க்கப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் எதுக்கு அண்ணி இப்பவே?”

“கடைசி நேரத்துல அள்ளிப்போட்டா தட்டு உடையும்.” தலையைத் தூக்காமல் சொன்னாள். “நீ கையெழுத்து மட்டும் போட்டுராதே. வீடு போனா போகட்டும். செத்த மனுஷன் பேர்ல பழி வேண்டாம்.”

நான் போடுவதாக இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சாக்கின் வாயைக் கட்டினோம்.

மதியம் 3:30-க்கு மேனேஜர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

“என்ன புஸ்தகம், ரெண்டு வாரமா அந்த ஒரே பக்கத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கே?”

“படிச்சு முடிச்சாச்சு சார். பொய்யா இருக்கு.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அவனும் நானும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்கம்மா. எனக்கு வலிக்காதா? ஆனா நான் என் கண்ணால பார்த்தேன். நாலு அம்பது. ஷெட் வாசல்ல நிக்கிறேன். வானம் கிழியுது. இவன் நடுக்குளத்துல உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு, தட்டிக்கிட்டு இருக்கான். நாலு தடவை கத்தினேன். ‘வெளிய வாடா’ன்னு. நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அப்படி என்ன திமிரு?”

“டின்னைத் தட்டினாரா, பலகையைத் தட்டினாரா?”

“தட்டுனா தட்டுனதுதான். அந்த இடியில எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்?”

“செத்த மீன்ல பதினாலை அறுத்துப் பார்த்தேன் சார். ஒரு வயித்துலகூடத் தீவனம் இல்லை.”

“தட்டினான். போடுறதுக்குள்ள மின்னல் அடிச்சிருச்சு.” இதற்கு அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். “நீயே சொல்லு. மின்னல் அடிச்சா குளத்துல இருக்கிற எல்லா மீனும் சாகுமா?”

சாகாது. அதைச் சொல்லித்தான் அவர் என்னை மடக்கினார். மின்னல் தண்ணீருக்குள் ஆழமாக இறங்குவதில்லை. மேற்பரப்பில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, போகப்போக வலுவிழந்துவிடும். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், மேலே இருக்கும் மீன்கள்தான் சாகும். நீளமான மீன்களுக்கு அடி அதிகம். உடம்பு நீளம் கூடக்கூட, தலைக்கும் வாலுக்கும் இடையே பாயும் மின்சாரமும் கூடும். நான் அறுத்த பதினாலு மீன்களில் ஒன்பதுக்கு முதுகெலும்பு முறிந்திருந்தது. சதைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மூன்று ஆள் ஆழத்தில் இருந்த மீனுக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆக, 2,140 மீன்கள் மேலே இருந்தன. அவற்றை மேலே வரவழைத்தது எது? அண்ணனின் டின்னா, அன்று முதல் இடிக்கு மேனேஜர் இழுத்த சுவிட்சா? கேள்வி அவ்வளவுதான்.

4:03. முதல் இடி.

மேனேஜர் எழுந்தார். ஷெட்டுக்குப் போய் மெயினை இழுத்தார். பதினோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. ஆறு சக்கரங்களும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. நான் மீட்டரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“ஏய், எங்கே போறே?”

“நீங்க சுவிட்சை இழுத்தா மீன் தானா மேலே வருதா இல்லையான்னு பார்க்க.”

“பைத்தியமா உனக்கு? ஒரே குடும்பத்துல ரெண்டு பேரா?”

“ஒருத்தர் பேரை எழுதியாச்சு. பக்கத்துல இடம் இருக்கும் சார், என் பேரையும் எழுதிக்குங்க.”

குளத்துக்குள் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு பலகை மேடை போகிறது. அதன் முனையில் ஒரு விளக்குக் கம்பம். இடி இடிக்கும்போது அங்கே போய் நிற்பது முட்டாள்தனம். தெரிந்துதான் போனேன். அன்று எனக்குக் கோபம் இருந்தது. பயத்தை அது வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

4:05. மீட்டரில் 3.6. இரண்டுக்குக் கீழே போனால் மீன் மூச்சுக்குத் திணறும். காற்று இல்லை. மழை இன்னும் தொடங்கவில்லை.

4:15. மீட்டரில் 3.1. தவளைச் சத்தம் இருந்தது. இடி தூரத்தில் உருண்டது.

எதிர்க்கரையைப் பார்த்தேன். அண்ணனின் படகு அங்கே கிடந்தது. கவிழ்த்துப் போட்டு, சங்கிலியால் மரத்தோடு கட்டிப் பூட்டியிருந்தார்கள். துடுப்பு அலுவலகத்தில், பீரோவுக்குப் பின்னால். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் தெளிவாகத்தான் இருந்தேன். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

4:25. மீட்டரில் 2.5.

4:34. மீட்டரில் 1.9. முதல் மீன் மேலே வந்தது. வாயைத் திறந்து மேல்தண்ணீரை உறிஞ்சியது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து. யாரும் எதையும் தட்டவில்லை. ‘தானாக மேலே வருகின்றன’ என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நோட்டை மூடிக்கொண்டு அப்போதே இறங்கியிருக்கலாம். 4:52 வரை, மின்னல் விழுந்த அதே நிமிடம் வரை, நிற்க வேண்டும் என்று ஏனோ ஒரு பிடிவாதம்.

4:40. மீட்டரில் 1.4. குளம் முழுக்க வாய்கள். ஆயிரக்கணக்கான வட்ட வாய்கள். ப்ளப்... ப்ளப்... ப்ளப்... மெல்லிய சத்தம், ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும்.

அப்போதுதான் கவனித்தேன். தவளைகள் நின்றுவிட்டிருந்தன.

எப்போது நின்றன என்று தெரியவில்லை. மௌனம் எனக்குப் பழக்கம். நான் விரும்புகிற விஷயம். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. யாரோ பேச வாயெடுத்து, நிறுத்திவைத்த மாதிரி...

4:44. மீன்கள் திரும்பின.

மூச்சுக்குத் திணறும் மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கணக்கும் கிடையாது. தாறுமாறாக நிற்கும். இவை எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. நடுக்குளத்தை நோக்கி. மூன்றாவது ஏரேட்டர் இருக்கும் இடத்தை நோக்கி. கூட்டத்தில் பேச வந்தவரைப் பார்த்துத் தலைகள் திரும்புமே... அப்படி.

நோட்டில் எழுதினேன். ‘4:44. எல்லாம் நடுப்பக்கம் பார்க்கின்றன.’ பேனா நடுங்கவில்லை. நோட்டை எடுத்து இப்போதும் பார்க்கலாம்.

4:46. ஒரு மின்னல்.

வெளிச்சத்தில் குளம் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு படகு.

அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகை என் பக்கம் காட்டி. தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் தலை போல. கை மட்டும் உயர்ந்திருந்தது.

இருட்டு.

அடுத்த மின்னல். நடுவில் படகு இல்லை. எதிர்க்கரையில் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலியோடு.

கண் ஏமாற்றும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். “கண்ணு ஏமாத்துது.”

4:48.

டொக்.

தகரச் சத்தம் இல்லை. மரம். தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. காதுக்கு முன்னால் என் உள்ளங்கால்களுக்குக் கேட்டது.

டொக். டொக்.

நடுக்குளத்திலிருந்து. மெதுவாக. கனமாக. கை சோர்ந்த ஒருவர், நிறுத்தக் கூடாது என்று இடிப்பது போல.

டொக். டொக். டொக்.

ஷெட்டிலிருந்து மேனேஜர் கத்தினார். “ஏய்! இறங்கு! என்ன பண்றே அங்கே?” குரல் கீச்சென்று உடைந்திருந்தது.

நான் இறங்கவில்லை.

“அண்ணே,” என்றேன்.

சத்தம் நின்றது.

“அண்ணே... நீ டின்னைத் தட்டினியா?”

ப்ளப்... ப்ளப்... மீன்களின் வாய்கள் மட்டும்.

“தட்டினேன்னா தட்டினேன்னு சொல்லு. நான் அதையே எழுதிக்கிறேன். நான் யாருக்கும் பயப்படலை. உனக்கும் பயப்படலை.”

4:50.

டொக்!

இந்த முறை நடுக்குளத்தில் இல்லை. பாதித் தூரத்தில்.

அந்த ஒரே அடிக்கு எல்லா வாய்களும் மூடின. முப்பதாயிரத்தை நெருங்கும் மீன்கள்... ஒரு நொடியில் இறங்கின. தண்ணீர் உள்வாங்கி, தளும்பி, தட்டையானது.

ஒரு மீன்கூட இல்லை. வெறும் குளம். கறுப்பாக.

எழுதினேன். ‘4:50. பலகைச் சத்தம். எல்லாம் கீழே போய்விட்டன.’

அதுதான் நோட்டில் கடைசி வரி.

டொக்.

இன்னும் பக்கத்தில்.

டொக்.

மேடையின் முனையில்.

டொக்.

என் காலுக்குக் கீழே.

பலகை குதித்தது. ஆணி கிறீச்சிட்டது. அடியில் தண்ணீரும் இருட்டும்தான். வேறு எதுவும் இருக்க முடியாது.

டொக்! டொக்! டொக்!

தகரம் என்றால் வா. பலகை என்றால்...

“போக மாட்டேன்,” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. “நீ சொன்னா நான் போகணுமா?”

அடுத்த அடி பலகையைப் பெயர்த்தது. முழங்கால் மடங்கியது. மீட்டர் கையை விட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு ஓடினேன். ஒப்புக்கொள்கிறேன். ஓடினேன். சத்தம் பின்னாலேயே வந்தது. பலகை பலகையாக. என் குதிகாலுக்கு ஒரு பலகை பின்னால்... டொக், டொக், டொக்... விரட்டிக்கொண்டு.

கரைச் சேற்றில் கால் பட்டது. குப்புற விழுந்தேன்.

உலகம் வெள்ளையானது.

சத்தம் எனக்கு நினைவில்லை. வெள்ளை மட்டும் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது விளக்குக் கம்பம் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் நின்ற இடத்தில் மேடை புகைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மழை தொடங்கியது.

ஷெட் கடிகாரத்தில் 4:52 என்று மேனேஜர் பிறகு சொன்னார்.

அவர்தான் வந்து என்னைத் தூக்கினார். அலுவலகத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“எதுக்கும்மா அந்தப் பலகையைப் போட்டு இடிச்சே?”

“நான் இடிக்கலை சார்.”

“நான் கேட்டேனே.”

“எங்கேயிருந்து கேட்டுச்சு?”

அவர் எனக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துத் தானே குடித்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னைக்குக் கேட்டதும் இதே சத்தம்தான். தகரம் இல்லை.”

“அதை எழுதிக் கொடுங்க.”

“என்னன்னு எழுதுறது? சத்தம் கேட்டுச்சுன்னா? மேலிடத்துல என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டு, மந்திரிக்கவும் கூட்டிட்டுப் போவாங்க.”

மறுநாள் காலை குளத்தைச் சுற்றி வந்தேன். மிதந்தவை நான்கு. நான்கே நான்கு மீன்கள். மேடையை ஒட்டி. மூச்சு முட்டி மொத்தக் கூட்டமும் மேலே நின்ற குளத்தில், இரண்டு நிமிடம் கழித்து மின்னல் விழுந்து, நான்கு.

மேனேஜர் அதையும் பார்த்தார். ஆனாலும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மேசையில் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பூட்டு வரும் என்பதும் மாறவில்லை.

வியாழன் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணனின் பிரேதப் பரிசோதனை அறிக்கை தயாராகிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணியும் நானும் போனோம். நடைபாதையில் ஒரு பெஞ்சு. எதிரே ஒரு டாக்டரம்மா, தூக்கம் இல்லாத முகம். தாளைக் கொடுப்பதற்கு முன் எங்களிடம் கேட்டார்.

“மின்னல்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?”

“எல்லாரும்தான் சொன்னாங்க,” என்றேன்.

“மின்னல் இவரைத் தொடவே இல்லைம்மா. வலது உள்ளங்கையில ஒரு தீக்காயம். ஆழமா, கோடு மாதிரி. மின்சார ஒயரைப் பிடிச்சா வர்ற காயம். அன்னைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்?”

“ஒரு மணிக்கு. நான்தான் போட்டேன்,” என்றாள் அண்ணி.

“வயித்துல சாப்பாடு அப்படியே இருந்தது. இங்கே கொண்டுவந்தப்போ உடம்பு மொத்தமும் விறைச்சுப் போயிருந்தது. எல்லாத்தையும் வச்சுப் பார்த்தா, ரெண்டு மணி. மிஞ்சிப்போனா ரெண்டரை.”

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “நாலு அம்பதுக்கு அவர் உயிரோட இருந்திருக்க...”

“வாய்ப்பே இல்லைம்மா.”

டாக்டரம்மா போய்விட்டார். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். அண்ணியிடம் நான் செவ்வாய்க்கிழமை நடந்த எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அவர் அப்படித்தான்,” என்றாள். “எந்த வேலையையும் பாதியில விட்டுட்டு வர மாட்டார்.”

அன்று மதியம் மூன்றாவது ஏரேட்டரைக் கரைக்கு இழுத்துப் பார்த்தோம். கைப்பிடிக்குக் கீழே ஒயரின் மேல்தோல் உரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அதைப் பற்றி அண்ணன் மேனேஜரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறான். “பார்க்கலாம்னு சொன்னேன்,” என்றார் மேனேஜர். நான் கேட்காமலே சொன்னார். பிறகு அலுவலகத்துக்குப் போய், ஆஸ்பத்திரித் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“ரெண்டு மணியிலேயிருந்து படகு நடுக்குளத்துலதான் நின்னுச்சு,” என்றார். “உட்கார்ந்தபடியே தூங்குறான்னு நினைச்சேன். தூக்கும்போதுகூட விறைப்பா இருந்தான். மின்னல் பட்டா அப்படித்தான் ஆகும்னு...”

நிறுத்தினார்.

“அப்போ நாலு அம்பதுக்கு நான் யாரைப் பார்த்துக் கத்தினேன்?”

நான் ஆஸ்பத்திரித் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

அவர் பழைய தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். புதிய தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுது புஸ்தகம்.”

எழுதினேன். மூன்றே வரி.

‘பிற்பகல் 2 மணியளவில், மூன்றாவது ஏரேட்டரின் பழுதடைந்த ஒயரைத் தொட்டதில் தீவனப் பணியாளர் இறந்தார்.

இடி கேட்டதும் மெயின் நிறுத்தப்பட்டதால், மூச்சுத் திணறி மீன்கள் மேற்பரப்புக்கு வந்தன.

மாலை 4:50-க்கு அதே பணியாளர் படகின் பலகையைத் தட்டி மீன்களைக் கீழே அனுப்பினார். இறங்க முடியாமல்போன 2,140 தவிர, 27,860 மீன்கள் மின்னலுக்குத் தப்பின.’

மேனேஜர் விரலை வைத்துப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“இதை எப்படிம்மா மேலே அனுப்புறது? முதல் வரியும் கடைசி வரியும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே.”

“இடிக்கட்டும் சார். முதல் வரிக்கு டாக்டர் சாட்சி. கடைசி வரிக்கு நீங்க சாட்சி. எதை அடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

வெளியே ஆறு சக்கரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

கடைசியில், ஒரு வரியையும் அடிக்காமல், கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பூட்டோடு யாரும் வரவில்லை. அண்ணி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை வெளியே எடுத்துவைத்தாள். அந்த அறிக்கை போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை ஒருவரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.